அத்தை அறையின் வெப்பநிலை

பகலெல்லாம் ஏற்றி இறக்குவதுதான் அவருக்குப் பிழைப்பு. நகரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவர் கைப்பேசி அலறும். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வியர்த்து விறுவிறுத்துப் போனவர்களை வெளியே இழுத்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க, கதவுப் பள்ளத்துல ஒரு சாக்லேட் காகிதம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டடத்துக்குக் கிளம்பிவிடுவார். தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும்.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு வந்துவிட்டால் துளி ஏற்ற இறக்கம் தாங்கமாட்டார். மொட்டைமாடியில் ஒற்றை அறை. அதில் அவரே கட்டிய ரேடியோ. அதன் அலைவரிசை மயிரிழை நகர்ந்தது என்றால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பாட்டும் செய்தியும் கேட்கிற ரேடியோ அல்ல இது. பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, முகம் தெரியாத ஊர்க்காரர்களோடு காற்றுவழியே பேசுகிற அமெச்சூர் ரேடியோ. மற்றவர்கள் மைக்கைப் பிடித்துக் கடல்தாண்டி ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்க, நம்மவர் மட்டும் யாரும் போகாத அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டார். அங்கே அலைவரிசை மிகத் தாழ்வு, ஒரு அலையே இரண்டு கிலோமீட்டர் நீளம். அதற்கு ஏற்ற ஆன்டெனா கட்டுவதென்றால் தெருவையே வளைத்துப் போட வேண்டும். அவரிடம் இருந்தது தண்ணீர்த் தொட்டியிலிருந்து பக்கத்துக் கட்டடம் வரை ஒரு கம்பியும், பிளாஸ்டிக் பக்கெட்டில் சுற்றிய ஒரு கம்பிச்சுருளும்தான். அந்த வீட்டில் பக்கெட் தங்காது. துணி ஊறவைக்க வாங்கி வந்தால் மறுநாள் அதன்மேல் செம்புக்கம்பி ஏறியிருக்கும்.

இவ்வளவு பாடும் ஒரே ஒருவருக்காக. கடலுக்கு அப்பால் ஒரு தீவில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர் அவர், இதே பைத்தியம் பிடித்தவர். கடைக்குப் பின்னாலிருந்த வயலில் உயரமான கம்பம் நட்டு, அதிலிருந்து, ரேடியோவில் தனக்குப் பெயரான அழைப்பெழுத்துகளில் கடைசி மூன்றை மட்டும் புள்ளியும் கோடுமாக இரவெல்லாம் அனுப்பிக்கொண்டிருப்பார். ஒரு புள்ளி வைக்க ஒரு நிமிடம். ஒரு கோடு இழுக்க மூன்று நிமிடம். இங்கே வந்து சேரும்போது அது இரைச்சலுக்கும் அடியில் கிடக்கும். காதால் கேட்கவே முடியாது. கம்ப்யூட்டர் அதை விடிய விடியப் பொறுக்கிச் சேர்த்துத் திரையில் வரைந்து வைக்கும். காலையில் எழுந்து பார்த்தால், எல்லாம் சரியாக அமைந்திருந்தால், மணல்போன்ற இரைச்சலுக்கு நடுவே மூன்று எழுத்து வெளிறித் தெரியும். இரண்டு குளிர்காலமாகப் பார்த்தாயிற்று. மணல் மட்டும்தான் தெரிந்தது.

அவருடைய மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவர். எப்பேர்ப்பட்டவரையும் வாயைத் திறக்கவைக்கிற வேலை. ஒருநாள் அவர் கேட்டார்.

"ஏங்க, அந்த ரொட்டிக்காரர்கூடத்தான் தினமும் மெயில்ல பேசறீங்களே?"

"பேசறேன்."

"வீடியோலயும் பாத்தீங்க. அவர் கடை அடுப்பக்கூட எனக்குக் காட்டினீங்க."

"ஆமா."

"அப்புறம் எதுக்குங்க இந்தப் பாடு?"

"அதுல யாரோ கம்பெனிக்காரன் அவரைக் கூட்டிட்டு வர்றான். இதுல அவரே நடந்து வரணும்."

மனைவி அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் மாலையானால் வாஷிங்மெஷின் போடக்கூடாது, டிவி பெட்டியைப் பிளக்கோடு பிடுங்க வேண்டும், எதிர்வீட்டுக்காரர் வாசல் விளக்கை மாற்ற இவர் கைக்காசிலேயே புது விளக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் வந்தபோது மட்டும், "நடந்து வர்றவருக்கு நாம ஏங்க இருட்டுல உக்காந்திருக்கணும்?" என்று முணுமுணுப்பார். அந்தச் சாதனங்களெல்லாம் ரேடியோவில் இரைச்சலைக் கொட்டும். அதை அடக்கியபிறகும் ஒரு வில்லன் பாக்கியிருந்தான். அவன் அவருடைய சொந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தான்.

ரேடியோவின் அலைவரிசையைப் பிடித்து நிறுத்துவது ஒரு சிறு படிகத்துண்டு. அது சூடானால் ஒரு பக்கம் நகரும், குளிர்ந்தால் மறுபக்கம் நகரும். நகர்வது கடுகளவுதான். ஆனால் நிமிடக்கணக்கில் இழுக்கிற கோடு, பாதியில் அந்தக் கடுகளவு நகர்ந்தாலே சாய்ந்து கலைந்து மணலோடு மணலாகிவிடும். அதனால் படிகத்தைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, உள்ளே விரல்நுனி அளவு குண்டுபல்பு ஒன்றை எரியவிட்டு, எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருந்தார். செயற்கைக்கோளின் கடிகாரத்தோடு பூட்டிக்கொள்ளும் கருவி கடையிலேயே கிடைக்கிறதே என்று ரேடியோ சங்கத்தில் சொல்லிப் பார்த்தார்கள். கடையில் வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

பல்பு ஒரே சூட்டைத்தான் தந்தது. சுற்றியிருந்த அறை தரவில்லையே. மொட்டைமாடி அறை பகலில் அடுப்பு, இரவில் ஐஸ்பெட்டி. ஆகவே லிஃப்ட்காரர் ஒரு தெர்மாமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க அலைந்தார். கூடத்தில் வாசற்கதவு வில்லங்கம். சமையலறையைப் பற்றிப் பேச்சே இல்லை. படுக்கையறையில் மனைவிக்கு ஃபேன் இல்லாமல் தூக்கம் வராது. தெர்மாமீட்டரின் கோடு ஆடாமல் அசையாமல் நின்ற இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அது மாமியார் அறை.

மாமியார் ஓய்வுபெற்ற நர்ஸ். மூன்று மாதம் பெரிய மகள் வீட்டில், மூன்று மாதம் இங்கே என்று வாழ்கிறவர். குளிர் ஆகாது. ஜன்னலைத் திறக்கமாட்டார், ஃபேன் போடமாட்டார், கதவைச் சாத்தியே வைத்திருப்பார். மாப்பிள்ளைக்கும் அவருக்கும் சண்டையெல்லாம் கிடையாது, பேச்சும் கிடையாது. எதிரெதிரே உட்கார்ந்திருந்தாலும் மகள்வழியாகத்தான் போக்குவரத்து. "அவருக்கு டீ வேணுமான்னு கேளு" என்பார் மாமியார். "இப்ப வேணாம்னு சொல்லு" என்பார் மாப்பிள்ளை. மாமியாருடைய மூன்று மாதம் முடிகிற நாளில் மட்டும் லிஃப்ட்காரர் சுறுசுறுப்பாகிவிடுவார். பஸ் மாலையில் என்றால் காலையிலேயே பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிடுவார்.

அந்த அறைக்குள் படிகப்பெட்டியை வைக்க மனைவியைத் தூது அனுப்பினார். மாமியார் கட்டிலடியில் குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார். பக்கவாட்டு ஓட்டையில் பல்பின் வெளிச்சம் மினுக்கென்று தெரிந்தது.

"என்னடி இது, குறைமாசக் குழந்தைய வைக்கிற பெட்டி மாதிரி இருக்கு?"

"அதே மாதிரிதாம்மா. சூடு குறையக்கூடாதாம், கூடவும் கூடாதாம்."

"இருக்கட்டும். அழுவாதுல்ல?"

ரேடியோ மாடியிலேயே இருந்தது. படிகப்பெட்டி மட்டும் மாமியார் கட்டிலடியில். இரண்டுக்கும் நடுவே காற்றுத்துவாரம் வழியாக ஒரு ஒயர். அன்றிலிருந்து லிஃப்ட்காரர் வாழ்க்கையில் வசந்தம் வந்துவிட்டது. திரையின் மேலோரத்தில் எப்போதும் ஒரு கோடு ஓடும். ஏதோ ஒரு நாட்டு அரசாங்கம் கடிகாரங்களுக்கு நேரம் சொல்ல நடத்தும் நிலையத்தின் கோடு அது. உலகமே புரண்டாலும் அந்த நிலையம் நகராது. கோடு வளைந்தால், நகர்ந்தது நம் பெட்டிதான் என்று அர்த்தம். முன்பு பாம்புபோல நெளிந்த கோடு இப்போது அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஓடியது.

தினமும் மாலையில் மட்டும் ஒரு மேடு. கோடு மெல்ல ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், மெல்ல இறங்கும். லிஃப்ட்காரர் படிகத்தை மாற்றிப் பார்த்தார். ஒயரை மாற்றிப் பார்த்தார். பிறகு, சூரியன் மறையும் நேரத்தில் மேல்வானத்து மின்மண்டலம் அசைவதால் வருகிற விளைவு இது என்று முடிவுகட்டி, சங்கக் கூட்டத்தில் படம் போட்டு விளக்கினார். சங்கத் தலைவர் எழுந்து, தானும் இதைப் பல வருடமாகச் சந்தேகித்து வந்ததாகச் சொன்னார். கைதட்டினார்கள். அடுத்த வாரம், விழுந்த திருகாணியைத் தேடிக் கட்டிலடியில் குனிந்தபோதுதான் மின்மண்டலம் கண்ணில் பட்டது. மாமியார் முழங்கால்வலிக்கு மாலையில் ஒத்தடம் கொடுத்த வெந்நீர்ப் பை, தட்டையாக வாகாக இருக்கிறதென்று அந்தப் பெட்டியின்மேலேயே வைக்கப்பட்டிருந்தது. சங்கத்துக்கு அவர் இன்றுவரை அதைச் சொல்லவில்லை.

ஆனால் அதன்பிறகு அவருக்கு ஒரு புதுப்பழக்கம் தொற்றிக்கொண்டது. காலையில் கோட்டைப் பார்த்தே மாமியாரைப் படிக்க ஆரம்பித்தார். இந்தச் சின்னப் பள்ளம், தண்ணீர் குடிக்கக் கதவைத் திறந்தது. இந்த நீளமான சமதளம், நன்றாகத் தூங்கியது. "உங்கம்மா நேத்து சரியாத் தூங்கலபோல, முழங்கால் எப்படி இருக்குன்னு கேளு" என்று அவர் சொன்னபோது மனைவி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் கேட்ட முதல் விசாரிப்பு அது. மாமியாருக்கும் சேதி போயிற்று. அன்று அவர் போட்ட டீயில் முதல்முறையாகச் சர்க்கரை சரியாக இருந்தது.

இப்படி இருக்கையில்தான் தீவிலிருந்து அந்த மெயில் வந்தது. ரொட்டிக்கடைக்குப் பின்னாலிருந்த வயலை விற்றாகிவிட்டது. மாதக்கடைசியில் ஆட்கள் வந்து கம்பத்தை இறக்கிவிடுவார்கள். புது வீடு அடுக்குமாடியில், ஒரு முழக் கம்பி கட்டக்கூட இடமில்லை. அதுவரை இரவு தவறாமல் அனுப்புகிறேன், நீங்கள் கேட்டால் சரி, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தார். பரவாயில்லை என்று எழுதியிருந்ததுதான் லிஃப்ட்காரரை வதைத்தது. இரண்டு வருடமாக இரவெல்லாம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு மனிதருக்கு, ஒரு முறையாவது 'கேட்டேன்' என்று சொல்ல வேண்டாமா?

கணக்குப் பார்த்தால், மாமியார் பெரிய மகள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நாள் அதற்கு முன்னாலேயே வந்தது. அவர் இல்லாவிட்டால் அந்த அறையை மனைவி திறந்துவிட்டுக் காற்றாடவிடுவார், துணி காயப்போடுவார். பூட்டி வைத்தாலும் வெறும் அறை குளிர்ந்துவிடும். லிஃப்ட்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தூது யாரும் இல்லாமல், அறை வாசலில் போய் நின்றார்.

"அத்தை... இந்தத் தடவை மாசக்கடைசி வரைக்கும் இங்கயே இருந்துட்டுப் போங்களேன்."

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "நானா?"

"நீங்கதான்."

அன்று பெரிய மகளுக்குப் போன் போயிற்று. "நான் என்னடி பண்றது? மாப்பிள்ளை விடமாட்டேங்கிறாரே!" இதைச் சொல்வதற்காகவே கதவைத் திறந்துவைத்துப் பேசினார். தெருவில் பாதிப்பேருக்குக் கேட்டிருக்கும். அதோடு நிற்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பிடித்ததைக் கேட்டுச் செய்தார், கிழிந்த பையைத் தைத்தார். கடைசி நாளுக்கு முந்தின நாள், வலிக்கிற முழங்காலோடு, டீயை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிப் படியே ஏறிவிட்டார்.

உள்ளே லிஃப்ட்காரர் சங்கத் தலைவரோடு போனில் உற்சாகமாக இருந்தார். "ரகசியம் என்னன்னு கேக்கறீங்களா சார்? எங்க மாமியார்தான். மனுஷ உடம்பு சும்மா உக்காந்திருந்தாலே நூறு வாட் பல்பு அளவுக்குச் சூடு குடுக்கும் சார். அதனாலதான் ஊருக்குப் போகவிடாம பிடிச்சு வச்சிருக்கேன். போயிட்டாங்கன்னா அந்த இடத்துல ஒரு நூறு வாட் பல்பைத் தொங்கவிடணும்."

திரும்பிப் பார்த்தபோது வாசலில் டீ டம்ளர் மட்டும் தரையில் இருந்தது.

அவர் கீழே இறங்கி வந்தபோது மாமியார் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். மகளிடம்தான் பேசினார், பழையபடி. "நூறு வாட்டு நாளைக்குச் சாயங்கால பஸ்ஸுல கிளம்புதுன்னு அவர்கிட்ட சொல்லிடு. பல்பு வாங்கிக்கச் சொல்லு."

"அம்மா, அவர் அந்த அர்த்தத்துல—"

"எல்லா அர்த்தத்துலயும் கேட்டாச்சு."

மனைவி கணவனைப் பார்த்த பார்வையில் ஒரு பல்பு என்ன, தெருவிளக்கே ஃபியூஸ் ஆகியிருக்கும். லிஃப்ட்காரர் போனில் சொன்னது அத்தனையும் உண்மையாக இருந்ததுதான் சிக்கல். அவருக்கு வெட்கமாக இருந்தது. ரேடியோவை நினைத்தால் பயமாகவும் இருந்தது. அன்று இரவுதான் ரொட்டிக்காரரின் கடைசி இரவு. மறுநாள் காலை கம்பத்தை இறக்க ஆட்கள் வருகிறார்கள். படிகமோ, கோபத்தில் கொதிக்கிற ஒருவரின் கட்டிலடியில் கிடக்கிறது. ஜன்னலை ஒரு சாண் திறந்தால் போதும், முடிந்தது கதை. அவர் கம்ப்யூட்டரை ஓடவிட்டுவிட்டுப் போய்ப் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டார்.

விடிந்ததும் மாடிக்கு ஓடித் திரையைப் பார்த்தார். இடதுபக்கம், இரவின் ஆரம்பத்தில், கோடு நேராக ஓடியிருந்தது. அப்புறம் ஒரே சரிவு. மாடியிலிருந்து கல்லைப் போட்டதுபோல விழுந்திருந்தது. அதற்கு வலதுபக்கம் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டார் கிழவி, வேண்டுமென்றே திறந்துவிட்டார் என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி, மாமியார் அறைக் கதவைத் தட்டாமல் தள்ளினார்.

ஜன்னல் சாத்தியிருந்தது.

மாமியார் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கம்பளிச் சால்வைக்குள் எதையோ இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். சால்வை விளிம்பிலிருந்து ரேடியோ ஒயர் இறங்கி, காற்றுத்துவாரத்துக்குப் போயிற்று. பக்கவாட்டு ஓட்டையில் வெளிச்சம் இல்லை. பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தது.

கதவுச் சத்தத்தில் கண்ணைத் திறந்தவர், தூதுக்கு மகளைத் தேடவில்லை. நேராகவே பேசினார். ஆனால் குசுகுசுவென்று, வார்டில் பேசுகிற குரலில்.

"ராத்திரி படுக்கப் போறப்ப லைட் போயிடுச்சு. உங்களை எழுப்பலாம்னு பாத்தேன். அதுக்குள்ள தொட்டா சில்லுன்னு ஆகிட்டிருந்தது. எங்க ஆஸ்பத்திரில கரன்ட் போனா என்ன பண்ணுவோம்? ஜெனரேட்டர் வர்றவரைக்கும் குழந்தைய எடுத்து மடியில வச்சுக்குவோம். அசையாம உக்காந்திருக்கணும், அவ்வளவுதான்." பிறகு பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "பிழைச்சுதா?"

"பாத்துட்டு வரேன் அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் மாடி ஏறினார். இந்த முறை ஒவ்வொரு படியாகத்தான் ஏற முடிந்தது.

அந்தச் சரிவுக்கு வலதுபக்கம் கோடு மெல்ல மெல்ல மேலே ஏறியிருந்தது. பழைய உயரத்துக்கு வரவில்லை. கொஞ்சம் கீழேயே நின்று, அங்கிருந்து விடியும்வரை நேராக, பல்பு எரிந்த நாட்களில்கூட ஓடாத அளவு நேராக ஓடியிருந்தது. அதற்குக் கீழே மணல். மணலுக்கு நடுவே வெளிறிப்போய், ஆனால் சாயாமல், கலையாமல், மூன்று எழுத்து. அதைத் தொடர்ந்து மறுபடி அதே மூன்று எழுத்து. லிஃப்ட்காரர் திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு படிக்கட்டுக்கு வந்து, கீழே பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"பிழைச்சிருச்சு அத்தை!"

கம்பத்தை இறக்கும் ஆட்கள் வருவதற்குள் படத்தைத் தீவுக்கு அனுப்பினார். ரொட்டிக்காரர் மாவுக் கையோடு தட்டியிருப்பார் போல, பதிலில் பாதி எழுத்து தப்பு. இவ்வளவு நிலைப்பு எப்படி வந்தது, எந்தச் சூடேற்றும் கருவியைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டிருந்தார். இந்தத் துறையில் அதைக் கேட்பதும் சொல்வதும் மரியாதை. லிஃப்ட்காரர் ஒளிக்காமல் அடித்தார்: "மாமியாரின் மடி." ஏதோ புதுக் கருவி என்று நினைத்து, எங்கே கிடைக்கும் என்று மறுபடி கேட்டார் அவர்.

மாலை பஸ்ஸுக்குப் பெட்டியை லிஃப்ட்காரர்தான் தூக்கி வந்தார். இந்த முறை காலையிலேயே வாசலில் வைக்கவில்லை. மனைவி எடுத்துவைத்தபோதும் இரண்டு தரம் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். கம்பம் தரையில் படுத்திருக்கும் படம் மதியமே வந்துவிட்டது. அதை மாமியாரிடமும் காட்டியிருந்தார். பஸ் நிலையத்தில் மனைவி தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். நடுவில் தூதுக்கு ஆள் இல்லை. பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே லிஃப்ட்காரர் கேட்டார்.

"எப்ப அத்தை திரும்பி வருவீங்க?"

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இனிமே எதுக்கு மாப்பிள்ளை? அதான் கம்பத்தை எறக்கிட்டாங்களே."

"எறக்கினதாலதான் அத்தை கேக்கறேன்" என்றார் லிஃப்ட்காரர்.